வாசகர் கேள்வி–பதில்: வில்வித்தையில் இந்திய அணிக்குப் போகும் வழி

வில்வித்தை பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன: இந்திய அணியில் இடம். அதை ஒட்டிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் மகனுக்கு 14 வயது. மூங்கில் வில்லில் மாநில அளவில் இரண்டு பதக்கம் வாங்கியிருக்கிறான். இப்படியே போனால் இந்திய அணிக்குப் போய்விடுவானா?
*– ஈரோடு வாசகி*

இதே வில்லோடு என்றால் முடியாதம்மா. பையன் மேல் குறை இல்லை, பிரிவு அப்படி. மூங்கில் வில்லில் 30, 50 மீட்டர் தூரங்களில் நடக்கும் 'இந்தியன் ரவுண்ட்' நம் நாட்டுப் போட்டிகளில் மட்டும் உள்ளது. உலகக் கோப்பைக்கும் ஆசிய விளையாட்டுக்கும் இந்தியா ஆள் அனுப்புவது ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்), காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்) என்ற இரண்டு பிரிவுகளில்தான். இந்தியன் ரவுண்டில் தேசியப் பதக்கம் வாங்கிவிட்டு, 19 வயதில்தான் இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. உங்கள் பையனுக்கு நேரம் இருக்கிறது.

உலக வில்வித்தை அமைப்பின் விதிப்படி, 17 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை 'அண்டர் 18' பிரிவில் ஆடலாம். அதில் ரிகர்வ் தூரம் 60 மீட்டர். பிறகு 20 வயது நிறையும் ஆண்டுவரை 'அண்டர் 21'. அங்கே பெரியவர்களைப் போலவே 70 மீட்டர். இப்போது மாறினால் 60 மீட்டரில் நன்றாகக் காலூன்ற மூன்று ஆண்டு கிடைக்கும்.

மாறும்போது முதல் நான்கைந்து மாதம் ஸ்கோர் விழும். மூங்கில் வில்லில் அம்பு நுனியை வைத்துக் குறிபார்த்த கண்ணுக்கு சைட் (வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவி) பழக நாளாகும். கிளிக்கர் (அம்பை முழு நீளத்துக்கு இழுத்ததும் 'கிளிக்' என்று சத்தம் போடும் தகடு) வந்ததும் ஒவ்வொரு அம்பையும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளத்துக்கு இழுத்தாக வேண்டும். இந்த மாதங்களில் பையனைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

வாங்கும்போது பணத்தை ரைசரில் (பிடி உள்ள நடுப்பகுதி) போடுங்கள், லிம்பில் (மேலும் கீழும் வளையும் பகுதி) போடாதீர்கள். ஐ.எல்.எஃப். பொருத்தம் (வெவ்வேறு நிறுவன லிம்பையும் மாட்டக்கூடிய பொது அளவு) உள்ள 25 அங்குல ரைசர் பத்து வருடம் உழைக்கும். லிம்பை 24 அல்லது 26 பவுண்டு இழுவிசையில் விலை குறைந்ததாக வாங்கினால் போதும். ஒரு வருடத்தில் அது அவனுக்கு லேசாகிவிடும். சில கிளப்களில் மாற்றிக்கொள்ளவே பழைய லிம்ப் கிடைக்கும், கேட்டுப்பாருங்கள்.

ரிகர்வா, காம்பவுண்டா? எதில் அணிக்குள் நுழைவது சுலபம்?
*– மதுரை வாசகர்*

சுலபம் என்று ஒன்று இல்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தன. அதே ஆண்டு பெர்லினில் அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவ்தலேயும் உலக சாம்பியன் ஆனார்கள். அப்படிப்பட்ட அணிக்குள் இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரிகர்வில் இந்தியாவுக்கு இதுவரை ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஆனால் உள்நாட்டில் அங்கும் கூட்டம் குறைவில்லை.

இதுவரை ஒலிம்பிக் என்றால் ரிகர்வ் மட்டும்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் சேர்கிறது. ஒரு நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவே.

உடம்பையும் பார்க்க வேண்டும். ரிகர்வில் 48 பவுண்டு இழுத்தால் அந்த 48-ஐயும் விரல் தாங்கி நிற்க வேண்டும். காம்பவுண்டில் கப்பி சுழன்றதும் பாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். உச்ச இழுவிசைக்கு 60 பவுண்டு என்று விதி வரம்பு உண்டு. அதனால் காம்பவுண்டில் பதின்வயதிலேயே உச்சிக்குப் போக முடிகிறது. உலக சாம்பியன் ஆனபோது அதிதிக்கு 17 வயது. ஆனால் அங்கே பிழைக்கு இடமில்லை. 50 மீட்டர் காம்பவுண்ட் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 8 செ.மீ. பதினைந்து அம்புக்கு மொத்தம் 150 என்ற ஆட்டத்தில் இரண்டு ஒன்பது விழுந்தாலே ஆட்டம் கைவிட்டுப் போகலாம். ரிகர்வில் செட் முறை: ஒரு செட்டை மோசமாகத் தோற்றாலும் இரண்டு புள்ளிதான் நட்டம். அடுத்த செட் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

தேர்வுப் போட்டியில் என்ன ஸ்கோர் போட்டால் எடுப்பார்கள்? பயிற்சியில் ஒருமுறை 668 வந்திருக்கிறது. ரிகர்வ், ஆண்கள் பிரிவு.
*– சேலம் வாசகர்*

அந்த 668-ஐ மறந்துவிடுங்கள். கடைசியாக எய்த பத்து முழுச் சுற்றுகளின் ஸ்கோரை ஒரு தாளில் எழுதி, அதில் மிகக் குறைந்த மூன்றைப் பாருங்கள். தேர்வுக்களத்தில் உங்களிடமிருந்து வரப்போவது அந்த மூன்றுக்கு அருகில்தான் இருக்கும்.

கணக்கு இது. 70 மீட்டரில் 72 அம்பு, முழு மதிப்பெண் 720. அம்புக்குச் சராசரி 9 என்றால் 648. சராசரி 9.25 என்றால் 666. 9.5-க்கு 684. 2024 பாரிஸ் தரவரிசைச் சுற்றில் தீரஜ் பொம்மதேவரா 681 எடுத்து நான்காவதாக வந்தார். தருண்தீப் ராய் 674, பிரவீன் ஜாதவ் 658. தீரஜுக்கும் பிரவீனுக்கும் 23 புள்ளி வித்தியாசம். ஆறு அம்பு கொண்ட ஓர் எண்டுக்கு இரண்டு புள்ளிகூட இல்லை. ஆனால் தரவரிசையில் 4-க்கும் 39-க்கும் இடையே நிற்கிறது அது. அதே ஒலிம்பிக்கில் பெண்களில் அங்கிதா பகத் 666, பஜன் கவுர் 659, தீபிகா குமாரி 658. மூவரில் அனுபவம் மிகுந்தவர் தீபிகா. ஆனால் கலப்பு இரட்டையரில் தீரஜோடு நின்றவர் அங்கிதா. அந்த ஜோடி நான்காம் இடம்வரை போனது.

தேர்வு நடக்கும் விதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்திய வில்வித்தை சங்கத்தின் சுற்றறிக்கையை வரிவரியாகப் படியுங்கள். பொதுவாக, 72 அம்புச் சுற்றுகள் ஒன்றுக்கு மேல் வைத்துக் கூட்டத்தை வடிகட்டுவார்கள். மிஞ்சியவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, வெற்றிக்கும் சராசரிக்கும் தனித்தனிப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். இரண்டு மூன்று நாளுக்கு இது இழுக்கும். முதல் நாள் பிரமாதமாக எய்துவிட்டு மூன்றாம் நாள் தோள் கனத்து உட்கார்ந்தவர்களால் நிறைந்தது அந்த மைதானம். ஆகவே பயிற்சியிலும் வாரம் ஒருமுறையாவது காலையில் 72, மாலையில் 72, மறுநாள் ஆறு ஆட்டம் என்று எய்து பாருங்கள்.

எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பது எந்தப் போட்டிக்கு என்பதைப் பொறுத்தது. உலகக் கோப்பைச் சுற்றுகளுக்கு ஒரு பிரிவில் நால்வர் போகலாம். உலக சாம்பியன்ஷிப்புக்கும் ஒலிம்பிக்குக்கும் மூவர்தான். ஆசிய விளையாட்டுக்கு நால்வர் போனாலும் தனிநபர் நாக்-அவுட்டில் ஒரு நாட்டுக்கு இருவருக்கே இடம். நான்காவதாக வருவதற்கு எல்லா ஆண்டும் ஒரே மதிப்பு இல்லை.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 70 மீட்டரைக் கடக்க ரிகர்வ் அம்புக்கு ஏறக்குறைய 1.2 வினாடி ஆகும். சுற்றுச்சுவருக்குள் பயிற்சி எடுப்பவர் திறந்த மைதானத்துக்குப் போனதும் ஒவ்வொரு காற்றுக்கும் சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பார். சைட் அங்கேயே இருக்கட்டும். ஊசியை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நகர்த்தி, தள்ளிக் குறிபார்த்து எய்யப் பழகுங்கள். காற்று நிலையாக ஒரே பக்கம் அடித்தால் மட்டும் சைட்டில் கை வையுங்கள்.

30 மீட்டரில் இறகில்லாத அம்பு, இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கம் 15 செ.மீ. தள்ளி விழுகிறது. நான் வலக்கைக்காரி. என்ன திருத்த வேண்டும்?
*– கோயம்புத்தூர் வாசகி*

வலக்கைக்காரருக்கு இறகில்லா அம்பு இடப்பக்கம் போனால், அந்த அம்பு உங்கள் வில்லுக்கு விறைப்பாக இருக்கிறது, போதுமான அளவு வளையவில்லை. வலப்பக்கம் போனால் தளர்வு. ஆனால் உடனே பட்டனை (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் வைத்த குமிழ்) திருகிவிடாதீர்கள். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் நாணின் உயரம். பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை அளந்து பாருங்கள். 68 அங்குல வில்லுக்கு 8.5 முதல் 9.25 அங்குலத்துக்குள் எந்த உயரத்தில் வில் சத்தம் குறைவாக எய்கிறதோ அதுதான் உங்கள் அளவு. புதிய நாண் முதல் நூறு இருநூறு அம்புக்குள் நீண்டு இந்த அளவைக் குறைத்துவிடும். நேற்று ட்யூன் செய்தது இன்று பொய்யாவதற்கு முக்கால்வாசி நேரம் இதுவே காரணம்.

அடுத்து நாக் பாயின்ட், அதாவது நாணில் அம்பின் வால்முனை (நாக்) பொருந்தும் இடம். அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு மேலே 12 மி.மீ.யில் தொடங்குவது வழக்கம். இறகில்லா அம்பு கீழே விழுந்தால் நாக் பாயின்ட் உயரமாக இருக்கிறது, இறக்குங்கள். மேலே விழுந்தால் ஏற்றுங்கள். மேல்-கீழைச் சரிசெய்த பிறகுதான் இடம்-வலத்தைத் தொட வேண்டும்.

மூன்றாவதாக, இறகு எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். இறகின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி மூன்று அம்பு எய்யுங்கள். ரெஸ்டிலோ (அம்பு அமரும் தாங்கி) ரைசரிலோ சிவப்புக் கோடு விழுந்தால் உரசல் உண்டு. அம்பின் வால்முனையைச் சற்றே திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

இதெல்லாம் சரி, இன்னும் இடப்பக்கம்தான் விழுகிறது என்றால் பட்டனின் ஸ்பிரிங்கைக் கால் சுற்று தளர்த்துங்கள். இறகுள்ள அம்பு மூன்று, இறகில்லாதது மூன்று. இப்படி மூன்று எண்ட் எய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. ஸ்பிரிங் முழுதும் தளர்ந்தும் அம்பு வரவில்லை என்றால், இரண்டு லிம்ப் போல்ட்டுகளையும் ஒரே அளவு அரைச் சுற்று உள்ளே திருகிப் பவுண்டை ஏற்றலாம். இல்லாவிட்டால் 100 கிரெய்ன் எடையுள்ள அம்பு முனைக்குப் பதில் 110 போடலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. இறகில்லா அம்பில் இறகு இருக்கவேண்டிய இடத்தில், இறகின் எடைக்குச் சமமாக டேப் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் முன்பாரம் கூடி, இல்லாத தளர்வைக் காட்டும். மற்றொன்று, ரிலீஸில் நாணைப் பிடுங்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சோதனை வில்லைக் காட்டாது, உங்கள் விரலைத்தான் காட்டும். இறகில்லா மூன்றும் ஒரு கையகலத்துக்குள் சேர்ந்து விழாதவரை ஸ்பேனரை எடுக்காதீர்கள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அதைப் பூட்டியே வைத்துவிடலாம்.

பயிற்சியில் கிளிக்கர் சரியாக விழுகிறது. ஆட்டத்தில் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஓர் அம்புக்கான 20 வினாடி முடிந்துவிடுகிறது.
*– திருநெல்வேலி வாசகர்*

ஆட்டத்தில் பதற்றம் வந்ததும் தோள் காதை நோக்கி ஏறுகிறது. இழுப்பு இரண்டு மூன்று மி.மீ. சுருங்குகிறது. கிளிக்கர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நீங்கள்தான் குட்டையாகிவிட்டீர்கள். இதற்குக் கிளிக்கரை முன்னே நகர்த்துவது மிகக் கெட்ட வைத்தியம். அடுத்த ஆட்டத்தில் உடல் இன்னும் இரண்டு மி.மீ. சுருங்கும்.

தாடைக்கடியில் கை வந்து ஊன்றியதும் அம்பு முனை கிளிக்கருக்குள் 2 மி.மீ. அளவே மிஞ்சியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5, 6 மி.மீ. மிஞ்சினால் நீங்கள் முதல் இழுப்பையே முடிக்கவில்லை. பிறகு முதுகால் விரிவதற்குப் பதில் கையால் பிடுங்குவீர்கள்.

பயிற்சி ஒன்று: இலக்குத்தாள் ஒட்டாத திண்டுக்கு முன்னால் 5 மீட்டரில் நில்லுங்கள். கிளிக் சத்தம் வந்த பிறகும் எய்யாமல் இரண்டு வினாடி பிடித்திருந்துவிட்டு இறக்குங்கள். பத்துக்குப் பத்து இப்படி இறக்க முடிந்தால் சத்தத்துக்கு அடிமையாகவில்லை என்று அர்த்தம். இரண்டாவது: ஃபோனில் 20 வினாடி அலாரம் வைத்து எய்யுங்கள். 8-வது வினாடிக்குள் வில் மேலே போயிருக்க வேண்டும். அப்போதுதான் சரியில்லை என்றால் இறக்கிவிட்டு மறுபடி எடுக்க நேரம் மிஞ்சும். இழுத்தபின் ஆறு வினாடி தாண்டியும் கிளிக் வராவிட்டால் அந்த அம்பை எய்யாதீர்கள். அது போய்ச் சேருமிடம் ஏழு அல்லது ஆறு. நேரம் முடிந்தபின் எய்தாலோ இன்னும் மோசம்: அந்த எண்டின் உயர்ந்த அம்பையே வெட்டிவிடுவார்கள்.

38 பவுண்டிலிருந்து 44-க்குத் தாவினேன். வில் பிடிக்கும் தோளில் வலி. எய்து எய்து பழகினால் போய்விடுமா?
*– திருச்சி வாசகர்*

போகாது, முற்றும். முதலில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அதுவரை ரப்பர் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லிம்ப் இரண்டிரண்டு பவுண்டாக விற்கப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு படி ஏறினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அங்கேயே நிற்க வேண்டும். முழு இழுப்பில் 15–20 வினாடி நடுங்காமல் பிடிக்க முடிந்தால் அடுத்த படி. லிம்பில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் கூடினால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு ஏறும். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, கிளிக்கர் விழும்வரை இழுத்தால் உண்மையான கனம் தெரியும். '44 பவுண்டு' என்று சொல்லிக்கொள்ளும் பலர் விரலில் தாங்குவது 47.

ஏகலைவன் கட்டைவிரல் இல்லாமல் இன்று எய்யலாமா?
*– கும்பகோணம் வாசகர்*

தாராளமாக. இன்று ரிகர்வில் நாணைப் பிடிப்பது ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள்தான். கட்டைவிரல் தாடைக்கடியில் மடங்கிச் சும்மா கிடக்கும். துரோணர் இந்தக் காலத்தில் வேறு விரலைத்தான் கேட்டிருப்பார்.

இருமல் மருந்து குடித்தால்கூட ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவோமா?
*– வேலூர் வாசகி*

மாட்டலாம். மருந்துக்கடையில் கைக்கு வரும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பூட்டலின் இருக்கிறது. அது தடைப்பட்டியலில் உள்ள மருந்து. வில்வித்தைக்கென்றே இன்னொரு கண்ணி உண்டு: நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும் பீட்டா பிளாக்கர்கள். போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் வில்வீரருக்கு அவை தடை. ரத்த அழுத்தத்துக்கு மட்டும்தான் அவற்றைத் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒற்றைத் தலைவலிக்கு புரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு டைமலால் சொட்டு என்று எழுதிக்கொடுப்பார்கள். மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக "நான் சோதனைக்கு உட்பட்ட விளையாட்டு வீராங்கனை" என்று சொல்லிவிடுங்கள். அந்த மருந்துதான் வேண்டும் என்றால் முன்கூட்டியே விலக்கு அனுமதி வாங்க வேண்டும்.

செலவு தாங்குமா? கடைசியில் வேலை கிடைக்குமா?
*– விழுப்புரத்திலிருந்து ஒரு தந்தை*

தேசியத் தரத்தில் ஒரு முழு ரிகர்வ் செட் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதில் தேய்ந்துகொண்டே இருப்பது அம்பு. உயர்ரக கார்பன் அம்பு ஒரு டஜனுக்கே அரை லட்சத்தை நெருங்கும். நன்றாக எய்பவருக்குத்தான் அது சீக்கிரம் உடையும். ஒரே இடத்தில் குத்தினால் ஒன்றின் வால்முனையை மற்றொன்று உடைக்காமல் என்ன செய்யும்? பயிற்சியில் ஒரே தாளில் ஆறையும் எய்யாமல், மூன்று தாள் ஒட்டி இரண்டிரண்டாக எய்யச் சொல்லுங்கள். அம்புச் செலவு சட்டென்று குறையும்.

பணம் வரும் வழிகள்: மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு. ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டமான டாப்ஸில் வளரும் வீரருக்கு மாதம் 25,000, முதன்மைக் குழுவுக்கு 50,000. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் எலைட், மிம்ஸ், சாம்பியன்ஸ் மேம்பாட்டுத் திட்டம் என்று மூன்று படிகள் உண்டு. மாநில அரசு வேலைகளில் விளையாட்டுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் ராணுவமும் வில்வீரர்களை எடுக்கின்றன. அணிக்குப் போகாவிட்டாலும் பட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ முடித்தால் பயிற்சியாளர் வேலைக்கு வாசல் திறக்கும். இவை எல்லாவற்றுக்கும் சான்றிதழ்தான் சாவி. அதைத் தரும் மாநிலச் சங்கம் இந்திய வில்வித்தை சங்கத்தில் இணைந்ததா என்று சேரும் முன்பே பாருங்கள். அங்கீகாரமில்லாத போட்டியில் வாங்கிய தங்கத்துக்கு அலுவலக மேசையில் மதிப்பில்லை.

அடுத்த மாதம் முதல் தேர்வுப் போட்டி. பையில் என்னென்ன இருக்க வேண்டும்?
*– சென்னை வாசகர்*

தரவரிசைச் சுற்றில் ஏதாவது உடைந்தால், நடுவர் பார்த்து ஒப்புக்கொண்டபின் சரிசெய்ய 15 நிமிடம்வரை கிடைக்கும். நேருக்கு நேர் ஆட்டத்தில் ஒரு வினாடிகூடக் கிடையாது. இரண்டாவது நாண் புதியதாக இருந்தால் பிரயோஜனமில்லை. நூறு அம்பாவது எய்து, நாக் பாயின்ட் கட்டி, எத்தனை முறுக்கு என்று உறையின் மேல் எழுதி வையுங்கள். மாற்றிய இரண்டு நிமிடத்தில் முதல் நாண் எய்த இடத்திலேயே இதுவும் எய்ய வேண்டும். பழகிய இரண்டாவது விரல்காப்பு (டேப்), ஒட்டத் தயாராக இரண்டு ரெஸ்ட், ஒரு கிளிக்கர், நாக் பத்து, ஆலன் கீ செட், பல் துலக்கும் நூல் ஒரு சுருள். நாண் சுற்று அவிழ்ந்தால் கட்ட அந்த நூலே போதும். பட்டனிலும் சைட்டிலும் இருக்கும் எண்ணை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ரயிலில் எவனாவது பையின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியலை ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் போட்டிருப்பது நம் ஊர் வழக்கம். அணிப்பட்டியல் வந்தபிறகு அதைத் திருத்த உட்கார்ந்தால் விமானம் காத்திருக்காது. பாஸ்போர்ட்டே இல்லை என்றால் தேர்வுக்குப் போகும் முன் விண்ணப்பித்துவிடுங்கள்.